கேமில் பேர் கெடுவதும் மீள்வதும்: வம்பு, வதந்தி, புகார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் 'பெயர்' என்றால் கூப்பிடும் பெயரும் அதுதான், ஊரில் ஒருவருக்கு இருக்கும் மதிப்பும் அதுதான். ஆன்லைன் கேமில் இந்த இரண்டும் நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் தெரியாது, வயது தெரியாது, தலைக்கு மேல் மிதக்கும் ஐடி மட்டும் தெரியும். அந்த ஐடியைப் பற்றி டிஸ்கார்டிலும் வாய்ஸ் சாட்டிலும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு அடுத்த ஸ்குவாடில் இடம். கிளான், கில்டு என்ற நிலையான ஆட்டக் குழுக்களை நடத்துபவர்களும், பேச்சுக்கு ஆளானவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கேமே ஸ்கோர் கொடுக்கிறதே, அப்புறம் ஊர்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு?

டோட்டா 2 கேமில் நடத்தை ஸ்கோர் 10,000 வரை இருந்தது. 2023இல் நடத்தைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து உச்சவரம்பை 12,000 ஆக்கினார்கள். ஓவர்வாட்ச் கேமில் 2018 ஜூன் முதல் சக ஆட்டக்காரர்கள் தரும் பாராட்டைக் கொண்டு 1 முதல் 5 வரை லெவல் கிடைக்கிறது. ஒருவர் மேட்சைப் பாதியில் விட்டு ஓடுகிறாரா, மைக்கில் திட்டுகிறாரா என்பதை இவை ஓரளவு காட்டும். கில்டின் பொதுப் பெட்டகமான பேங்க்கின் சாவியை இவரிடம் கொடுக்கலாமா, ரெய்டின் (பலர் கூடிப் போகும் பெரிய சண்டை) கடைசி பாஸிடம் (பெரிய எதிரி) ஏழாவது முறை தோற்ற பிறகும் நிதானமாக இருப்பாரா என்பதை எந்த ஸ்கோரும் சொல்லாது. அதை முன்பு அவரோடு ஆடியவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

அதனால் வம்பு எல்லாமே கெட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. "அந்த ஐடிக்கு ஐட்டம் கடன் கொடுக்காதே, போன மாதம் என்னுடையதைத் திருப்பித் தரவே இல்லை" என்று ஒருவர் சொல்வது புதிதாக வந்தவருக்குப் பெரிய பாதுகாப்பு. கேம் கம்பெனி தலையிடாத இடத்தில் ஒழுங்கைக் காப்பது இந்தப் பேச்சுதான். அந்த எச்சரிக்கையில் யார், எது, எப்போது என்ற மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். மூன்றும் இருந்தால் சரிபார்த்துவிடலாம். மூன்றும் உதிர்ந்து "அவன் ஒரு மாதிரி" என்று மட்டும் மிஞ்சும்போது அது வதந்தியாகிவிடுகிறது.

எந்தப் பேச்சு தீ மாதிரி பரவும், எது அணைந்துபோகும்?

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: வதந்தியின் வேகம் என்பது விஷயத்தின் முக்கியத்துவத்தையும் அதில் உள்ள தெளிவின்மையையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கேமில் இரண்டு இடங்களில் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். ரேங்க் போகிற மேட்சில் எப்படிச் செத்தோம் என்று தெரியாமல் சாவது ஒன்று. அரிய லூட் (வென்ற எதிரியிடமிருந்து கிடைக்கும் பொருள்) விழுந்து, அது ஏன் அவருக்குப் போனது என்று தெரியாமல் நிற்பது மற்றொன்று. கேம் உலகத்தின் புரளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே கிளம்புகின்றன.

கைமாறும்போது சில்லறை விவரங்கள் உதிரும், மிஞ்சியது கூர்மையாகும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஒரு மாதிரிக்கு இப்படி: "பி சைட்டில் ஸ்மோக் இருந்தது, நான் ஓடி வந்தேன், என்னைப் பார்க்காமலே ப்ரீஃபயர் அடிச்சான்" என்கிறார் முதல் ஆள். அதைக் கேட்டவர் "பார்க்காமலே அடிக்கிறான்" என்கிறார். ஸ்மோக்கும் ஓட்டமும் போயின. மூன்றாமவர் "எப்பவும் பார்க்காமலேதான் அடிப்பான்" என்கிறார். ஒரு ரவுண்டு எல்லா ரவுண்டும் ஆனது. நான்காமவர் வாயில் "வால்ஹேக்", அதாவது சுவருக்கு அப்பால் இருப்பவரையும் காட்டும் ஏமாற்று மென்பொருள். ஐந்தாமவர் "அந்த கிளானே ஹேக்கர் கிளான்" என்று முடிக்கிறார். ஓடி வந்ததால் காலடிச் சத்தம் கேட்டிருக்கும் என்பதுதான் இந்தக் கதையின் விடை. அது முதல் கைமாற்றத்திலேயே விழுந்துவிட்டது.

நேரில் பார்த்தவர்கூடப் பேச்சை நம்பிவிடுவாரா?

நம்புவார். 2007இல் ரால்ஃப் சோமர்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் மாணவர்களை வைத்து ஒரு பண விளையாட்டு நடத்தினார்கள். எதிராளி முன்பு எத்தனை முறை பிறருக்கு உதவினார் என்ற உண்மையான பதிவே கண்முன் இருந்தது. அப்படியும் அவரைப் பற்றி வேறு யாரோ எழுதிய வம்புக் குறிப்பு முடிவை மாற்றியது. பதிவை வெளியிட்டுவிட்டால் வதந்தி தானாகச் செத்துவிடும் என்று எண்ணும் கிளான் தலைவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பதிவோடு சேர்த்து, மதிப்புள்ள ஒருவர் வாயால் விளக்கமும் வர வேண்டும்.

"சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன். அவன் ஹேக்கர்தானே?"

பெரும்பாலும் இல்லை. ஹேக்கர் புகாருக்கு இதைவிட அதிகம் காரணமாகும் விஷயம் வேறு இல்லை என்பதால் கணக்கோடு பார்ப்போம். உங்கள் பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 90 மில்லி நொடி, எதிராளியின் பிங் 20 என்று வையுங்கள். நீங்கள் சுவருக்குப் பின்னால் மறைந்த செய்தி சர்வருக்குப் போக 45, அங்கிருந்து எதிராளிக்குப் போக 10. அதுவரை அவர் திரையில் நீங்கள் வெளியேதான் நிற்கிறீர்கள். அவர் சுட்டது சர்வருக்கு வர 10. சுட்ட நொடியில் அவர் திரை எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து 'பட்டது' என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வர இன்னும் 45. மொத்தம் 110. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமில் கத்தியோடு ஓடினால் நொடிக்கு 250 யூனிட் (கேமின் நீள அளவு). 110 மில்லி நொடியில் சுமார் 27 யூனிட் ஓடிவிடுவீர்கள். ஓர் ஆட்டக்காரரின் அகலமே 32 யூனிட்தான். ஆக, ஏறக்குறைய முழு உடம்பும் மறைந்த பிறகு சாவது கணக்குப்படி இயல்பு.

சந்தேகம் தீரவில்லை என்றால் ரீப்ளேயை எடுத்து அவர் பார்வையில் குறைந்தது 8 ரவுண்டு பாருங்கள். அவர் தோற்ற ரவுண்டுகளும் அதில் இருக்கட்டும். முதலில் இயல்பான வேகத்தில், பிறகு மெதுவாக. எதிரி சுவருக்குப் பின்னால் நகரும்போது கிராஸ்ஹேரும் (திரை நடுவில் உள்ள குறி) அவரோடு சேர்ந்து நகர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மூலையின் விளிம்பில், தலை உயரத்தில் அசையாமல் காத்திருந்தால் அது பழக்கம். சுவருக்குள்ளேயே பின்தொடர்ந்தால்தான் சந்தேகம். அடுத்து, காலடிச் சத்தம் கேட்கும் தூரமா, சக ஆட்டக்காரர் பார்த்ததால் ரேடாரில் புள்ளி தெரிந்ததா என்று பாருங்கள். கடைசியாக ஆள் இல்லாத மூலைகளை. சுவர் வழியே பார்ப்பவருக்கு அங்கே யாரும் இல்லை என்று தெரியும், அதனால் ரவுண்டுக்கு ரவுண்டு அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேர்மையாக ஆடுபவர் வெறும் மூலையையும் எட்டிப் பார்ப்பார். ஆட்டக்காரர்களின் கண் தலைமேல் விழுந்த குண்டுகளிலேயே நிற்பதால் இந்த மூன்றாவதைத் தவறவிடுகிறார்கள்.

'கிராஸ்ஹேர் வெட்டி வெட்டிப் போகிறது' என்பதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் முந்தைய பதிப்பான சிஎஸ்:கோ காலத்தில் மேட்ச்மேக்கிங் ஆட்டம் 64 டிக்கில் (நொடிக்கு 64 முறை நிலையைக் கணக்கிட்டு) நடந்தது, ரீப்ளே 32 டிக்கில்தான் பதிவானது. பாதி அசைவு பதிவிலேயே இல்லை. மவுஸ் சென்சிட்டிவிட்டி அதிகம் வைத்திருப்பவரின் கை அதில் எய்ம்பாட் (தானாகக் குறி பார்க்கும் மென்பொருள்) மாதிரியே தெரியும்.

கெகுரி விஷயத்தில் என்ன நடந்தது?

2016இல் கொரியாவில் 17 வயதுப் பெண் ஒருவர் கெகுரி என்ற ஐடியில் ஓவர்வாட்ச் ஆடினார். அவருடைய பாத்திரம் சார்யா. அதன் ஆயுதம் ஒளிக்கற்றை, ஓடும் எதிரிமேல் இடைவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குறி அவ்வளவு துல்லியமாக ஒட்டியதால் எதிரணியினர் எய்ம் புரோகிராம் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். கிளிப்கள் பரவின. அந்தக் கேமின் கம்பெனியான பிளிசார்டின் கொரிய அலுவலகம் ஹேக் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் பேச்சு நிற்கவில்லை. கடைசியில் இன்வென் என்ற கேம் ஊடகத்தின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நேரலையில் ஆடிக் காட்டினார். திரையோடு மவுஸ் பிடித்த கையையும் கேமரா காட்டியது. கையும் குறியும் ஒன்றாக அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். குற்றம் சாட்டியவர்கள் ஆட்டத்தைவிட்டே விலகினார்கள். 2018இல் அவர் ஷாங்காய் டிராகன்ஸ் அணிக்காக ஓவர்வாட்ச் லீக்கில் இறங்கினார். அந்த லீக்கில் ஆடிய முதல் பெண் அவர்.

கம்பெனியின் அதிகாரபூர்வ பதில் போதாமல் போய், கேமரா காட்டிய கை போதுமானதாக இருந்தது. தெளிவின்மை பூஜ்யமாக வேண்டும் என்று மேலே சொன்ன கணக்கு இதுதான். ஆனால் பழி சுமத்தியவர் எதையும் நிரூபிக்காமல் இருக்க, பழி சுமந்தவர் ஸ்டூடியோ வரை போய்ப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது என்பது நியாயமே இல்லை. உங்கள் கிளானில் நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சொல்பவர்மேல் வையுங்கள்.

ரெய்டில் லூட் திருடினார் என்ற பேச்சைத் தடுப்பது எப்படி?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இதற்கு 'நிஞ்சா லூட்டர்' என்று பெயர். 2004இல் கேம் வந்த காலத்தில் ஒரு சர்வர் என்பது ஒரு சின்ன ஊர். ஒருவர் லூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மறுநாள் அந்தச் சர்வரின் கில்டு தலைவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரும் சேர்க்க மாட்டார்கள். 2009 டிசம்பரில் வந்த 3.3 பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) பல சர்வர் ஆட்களைத் தானாக ஒரு குழுவில் சேர்த்தது. சௌகரியம்தான், ஆனால் இன்று ஆடியவரை இனி எப்போதுமே பார்க்கப் போவதில்லை என்றானதும் ஊர்ப்பேச்சுக்கு இருந்த பிடி தளர்ந்தது. 2019 ஆகஸ்டில் அந்த வசதி இல்லாமல் கிளாசிக் பதிப்பு வந்தபோது பழைய பழக்கம் உடனே திரும்பியது. ஆளைச் சேர்க்கும் முன் "இந்தப் பெயர் எப்படி?" என்று விசாரிப்பது மறுபடி வழக்கமானது.

தெரியாதவர்களைச் சேர்த்து நடத்தும் ரெய்டில் சண்டை வராமல் இருக்க 'சாஃப்ட் ரிசர்வ்' முறை நன்றாக வேலை செய்கிறது. ரெய்டுக்கு முன்பே ஒவ்வொருவரும் ஒன்று அல்லது இரண்டு ஐட்டத்தின் பெயரைப் பொதுப் பட்டியலில் எழுதுகிறார்கள். முதல் பாஸை அடிக்கும் முன் பட்டியல் பூட்டப்படும். ஐட்டம் விழுந்தால் அதை எழுதியவர்கள் மட்டும் 1 முதல் 100 வரை ரோல் போடுவார்கள், பெரிய எண்ணுக்கு ஐட்டம். யாரும் எழுதாததற்கு எல்லோரும் ரோல் போடலாம். எங்கே தப்பு நடக்கிறது என்றால், விதியை வாய்ஸில் மட்டும் சொல்வதில். பாதியில் வந்தவருக்கு அது தெரியாது, அவர் கண்ணுக்கு நடப்பதெல்லாம் திருட்டுதான். ஆள் சேர்க்கும் அறிவிப்பிலேயே எழுதுங்கள், ரெய்டு வார்னிங்கில் ஒருமுறை போடுங்கள், நடுவில் யார் சேர்ந்தாலும் மறுபடி போடுங்கள். ஆரம்பத்திலேயே சாட்டில் சாட்லாக் கட்டளையை அடித்துவிட்டால் ரோலும் லூட் செய்தியும் கேம் போல்டரில் உள்ள லாக்ஸ் என்ற இடத்தில் எழுத்துக் கோப்பாகச் சேரும். சண்டை வந்த பிறகு அடித்தால் பழையது கிடைக்காது.

பெயரை மாற்றிக்கொண்டால் கெட்ட பெயர் போய்விடுமா?

கேமைப் பொறுத்தது. வார்கிராஃப்டில் காசு கட்டிப் பெயரை மாற்றலாம். பிஜிஎம்ஐயில் ரீநேம் கார்டு போதும், ஆனால் எண்ணாக இருக்கும் கேரக்டர் ஐடி அப்படியே இருக்கும். இலவச கேம்களில் புது ஈமெயில் போட்டுப் புது ஐடியே தொடங்கிவிடலாம். எரிக் ஃப்ரீட்மேன், பால் ரெஸ்னிக் இருவரும் 2001இல் இதன் விலையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். புதுப் பெயர் மலிவாகக் கிடைக்கும் இடத்தில், ஓடிவந்த மோசக்காரரும் உண்மையான புதியவரும் ஒரே மாதிரித் தெரிவார்கள். அதனால் எல்லாப் புதியவர்களும் சந்தேகத்தைச் சுமக்கிறார்கள். உங்கள் கில்டு புதியவரை 2 முதல் 4 வாரம் சோதனையில் வைத்து பேங்க் அனுமதி தராமல் இருப்பது இதனால்தான். காரணத்தைச் சொல்லிவிட்டு வைத்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

பேர் மாற்றவே முடியாத கேம் இருக்கிறதா?

ஈவ் ஆன்லைன். 2003இல் ஐஸ்லாந்தின் சிசிபி வெளியிட்டது. சீனாவுக்குத் தனி சர்வர், மற்ற உலகம் முழுதும் ஒரே சர்வர். கேரக்டரின் பெயரை ஆட்டக்காரர் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எந்தெந்த கார்ப்பரேஷனில் (ஈவில் கில்டுக்கு இதுதான் பெயர்) எந்தத் தேதியில் சேர்ந்து விலகினார் என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆறு மாதத்தில் ஐந்து கார்ப்பரேஷன் மாறியவரைப் பார்த்ததும் ஆள் சேர்ப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அப்படியிருந்தும் 2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படைக் குழு, எதிராளி கார்ப்பரேஷனுக்குள் ஆட்களை அனுப்பி, ஏறக்குறைய ஓராண்டு உள்ளேயே இருந்து நம்பிக்கை சம்பாதித்து, ஒரே நாளில் தலைவியின் கப்பலை அழித்துக் கிடங்குகளைக் காலி செய்தது. நல்ல பெயரையே கருவியாக்கித் திருடினார்கள். அன்றிலிருந்து ஈவில் 'ஒற்றன்' என்ற பேச்சு ஓய்ந்ததே இல்லை. பல கார்ப்பரேஷன்கள் இல்லாத ஒற்றனைத் தேடியே தங்கள் ஆட்களை விரட்டிவிட்டன. ஒருவரை முழுதாக நம்புவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எவ்வளவு நல்லவரானாலும் ஒரே ஆள் எல்லாக் கிடங்கையும் திறக்க முடியாதபடி அனுமதிகளைப் பிரித்து வைப்பதுதான் இங்கே சரியான தடுப்பு.

வதந்தி உண்மையாக இருந்ததும் உண்டா?

உண்டு, அதே ஈவில். சிசிபி ஊழியர்கள் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணிக்கு உதவுகிறார்கள் என்று எதிரணியினர் பேசிக்கொண்டிருந்தார்கள். தோற்றவர்களின் புலம்பல் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். 2007 தொடக்கத்தில், ஒரு ஊழியர் அந்தக் கூட்டணியில் இருந்துகொண்டு அரிய ப்ளூபிரிண்ட்களை (கேமில் பொருள் தயாரிக்க உதவும் வரைபடங்கள்) எடுத்துக் கொடுத்தது வெளியே வந்தது. சிசிபி ஒப்புக்கொண்டு உள்விசாரணைப் பிரிவை ஏற்படுத்தியது. 2008இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் மன்றமும் வந்தது. பேச்சை அடக்குவது தீர்வில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. விசாரிக்க ஓர் இடம் வேண்டும்.

நிறையப் பேர் ஒருவரைத் தவிர்த்தால் அவர் கெட்டவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2016இல் ஓவர்வாட்ச் வெளியானபோது 'இந்த ஆட்டக்காரரைத் தவிர்' என்ற பட்டன் இருந்தது. விடோமேக்கர் என்ற பாத்திரத்தை ஆடுவதில் உலகின் மிகச்சிறந்தவர்களில் ஒருவர், மேட்ச் கிடைக்க நெடுநேரம் ஆகிறது என்று பிளிசார்டிடம் முறையிட்டார். நூற்றுக்கணக்கானோர் அவரைத் தவிர்த்திருந்தார்கள். நடத்தையில் குறையே இல்லை, அவரை எதிர்த்து ஆட விருப்பம் இல்லை, அவ்வளவுதான். கேமின் இயக்குநர் ஜெஃப் கேப்லன் இதை விளக்கி அந்தப் பட்டனையே நீக்கினார். 2018இல் திரும்பக் கொண்டுவந்தபோது சக அணியில் வராமல் தடுக்க மட்டும், 2 பேரை, 7 நாட்களுக்கு என்று எல்லை வைத்தார்கள். ஏன் என்று கேட்காமல் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் திறமைசாலியும் தண்டனை பெறுவார். உங்கள் கிளானில் "பத்துப் பேர் சொல்றாங்க" என்று யாராவது வந்தால், அந்தப் பத்துப் பேரில் நேரில் பார்த்தவர் எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார்.

இதற்கு நேர்மாறான நல்ல ஏற்பாடு, வால்வு கம்பெனி 2013இல் சிஎஸ்:கோவில் கொண்டுவந்த விசாரணை முறை (அதன் பெயரும் ஓவர்வாட்ச்தான், மேலே சொன்ன கேமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அனுபவமுள்ள ஆட்டக்காரருக்கு 8 ரவுண்டு ரீப்ளே வந்தது. ஆட்டக்காரர்களின் பெயர் இல்லை, சாட் இல்லை, குரல் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆனதா, சாட்சி போதவில்லையா என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் மறைந்ததும் வதந்திக்கு உள்ளே நுழைய வழியே இல்லாமல் போனது.

எங்கள் கிளானில் ஒருவர்மேல் புகார் வந்துவிட்டது. என்ன செய்வது?

பொது சேனலில் "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1981இல் டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும், கேள்விக்குறி போட்ட தலைப்பே ஒருவரைப் பற்றிய எண்ணத்தைக் கெடுக்கப் போதும் என்று காட்டினார்கள். தலைவர் கேட்ட கேள்வி நாளைக்குத் தலைவர் சொன்ன செய்தியாகச் சுற்றும்.

புகார் சொன்னவரைத் தனி சேனலுக்கு அழைத்து நான்கைக் கேளுங்கள்: தேதியும் நேரமும், மேட்ச் ஐடி, நேரில் பார்த்தவர் யார், பதிவு என்ன இருக்கிறது. 48 மணி நேரம் கொடுங்கள். அதற்குமேல் நீட்டினால் கெடுதல் உங்களுக்குத்தான், ஏனென்றால் பல கேம்களில் புது பேட்ச் வந்ததும் பழைய ரீப்ளே திறக்காது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தால் ஏற்காதீர்கள். பிரவுசரில் டிஸ்கார்டைத் திறந்து ஒரு மெசேஜின் எழுத்தை மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மெசேஜ் லிங்க் கேளுங்கள், அழிந்துவிட்டது என்றால் அப்போது அங்கே இருந்த வேறொருவரிடம் கேளுங்கள்.

பார்க்க இரண்டு பேரை நியமியுங்கள். புகார் சொன்னவருக்கோ ஆளானவருக்கோ நண்பராகவும், அணியில் அதே இடத்துக்குப் போட்டியாளராகவும் இல்லாதவர்கள். பெயரை மறைத்து, குரலை நீக்கி கிளிப்பைக் கொடுங்கள். பிறகு புகாருக்கு ஆளானவரைக் கேளுங்கள், ஆனால் "ஹேக் போட்டியா?" என்று வேண்டாம். "பதினோராவது ரவுண்டில் அவர் அங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். நேர்மையானவர் "மேலே பலகைச் சத்தம் கேட்டது" என்பது போலக் குறிப்பாகச் சொல்வார், அதை ரீப்ளேயில் சரிபார்க்கலாம். முடிவு நிரூபணம், நிரூபணம் இல்லை, பொய் என்ற மூன்றில் ஒன்று. நடுவில் உள்ளதை மெல்ல மெல்ல முதலாவதாக மாற்றிவிடுவதுதான் கிளான்களில் வழக்கமாக நடக்கும் அநியாயம்.

கருப்புப் பட்டியல் வைக்கலாமா?

வைக்கலாம், சின்னதாக. பெயரை எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள். டிஸ்கார்டில் பயனர் எண் பெயர் மாறினாலும் மாறாது. டெவலப்பர் மோடைப் போட்டு, ஆளின் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் எண்ணை நகலெடுக்கலாம். அதோடு கேம் எண், நடந்தது என்ன என்று ஒரே வரி, தேதி, சாட்சி இருக்கும் இடம், எழுதியவர், காலாவதி நாள். சாட்டில் திட்டியதற்கு 90 நாள், பேங்க் திருட்டுக்கு ஓராண்டு என்பது எங்கள் பரிந்துரை. காலாவதி இல்லாத பட்டியலில் மூன்று வருடம் கழித்து ஏன் எழுதினோம் என்றே தெரியாத ஐடிகள் குவிந்து கிடக்கும். வேறு கிளானிலிருந்து வரும் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள்.

என்மேலேயே புரளி கிளம்பிவிட்டது. நான் என்ன செய்ய?

முதல் நாளில் மூன்று வேலை: அந்த மேட்சின் ரீப்ளேயைச் சேமியுங்கள், பேச்சு நடந்த இடங்களின் மெசேஜ் லிங்க்குகளை எடுத்து வையுங்கள், ஒரே ஒரு பதில் எழுதுங்கள். பதிலில் மேட்ச், ரவுண்டு, நீங்கள் பார்த்தது, கேட்டது, ரீப்ளே லிங்க். அதற்குமேல் வரும் ஒவ்வொரு ஏளனத்துக்கும் பதில் போட்டால் அந்தப் பேச்சு சேனலில் மேலேயே நிற்கும். மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஐடி மாற்றாதீர்கள். இரண்டுமே குற்ற ஒப்புதலாகப் படிக்கப்படும். அடுத்த சில வாரம் கையையும் திரையையும் சேர்த்துக் காட்டும் கேமராவோடு ஆட முடிந்தால் நல்லது, ஆனால் அது உங்கள் விருப்பம், கடமை இல்லை.

பேச்சு கேமைத் தாண்டிப் போனால் விஷயம் வேறு. வீட்டு முகவரி, போன் நம்பர், புகைப்படம் வெளியானாலோ மிரட்டல் வந்தாலோ கிளான் விசாரணையில் நேரம் கடத்தாதீர்கள். மைக்கில் குரல் கேட்ட மறுகணமே "வேற யாரோ ஆடித் தர்றாங்க" என்று தொடங்கி ஒழுக்கம் வரை பேசப்படும் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். ஐட்டம், ஐடி விற்பனையில் பணம் ஏமாந்திருந்தால் 1930 எண்ணில் உடனே அழையுங்கள்.

ஒருவர் செய்த தப்புக்கு ஊரே பழி சுமக்குமா?

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் ஓர் ஆட்டக்காரர் சிஎஸ்:கோவில் ஹேக்கோடு பிடிபட்டார். கோப்பின் பெயர் வேர்ட் டாட் எக்ஸி. அணியே கலைக்கப்பட்டது. உடன் ஆடிய நால்வரின் வாய்ப்பும் போனது. அதன்பிறகு எந்த இந்திய ஐடி நன்றாகச் சுட்டாலும் சாட்டில் அந்தக் கோப்புப் பெயரைத் தட்டுவது வழக்கமானது. நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டு சர்வரில் ஆடும்போது இன்றும் இதைச் சந்திக்கிறார்கள். அதற்குப் பதில் திட்டுவது பலன் தராது. ரீப்ளே லிங்க்கைக் கொடுத்துவிட்டு அடுத்த ரவுண்டை ஆடுவதுதான் வேலை செய்கிறது.

பேச்சு பொய் என்று தெரிந்துவிட்டது. எப்படித் திருத்துவது?

பேச்சு எந்த சேனலில் நடந்ததோ அதே சேனலில், ஒரு நாளுக்குள், முதலில் சொன்னவர் வாயாலேயே. "அவர் ஹேக்கர் இல்லை" என்று ஆரம்பித்தால் படிப்பவர் மனதில் 'ஹேக்கர்' என்ற சொல்தான் மறுபடி ஒட்டும். நடந்ததைச் சொல்லி ஆரம்பியுங்கள்: "பதினோராவது ரவுண்டில் நான் பலகைமேல் ஓடினேன், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் சுட்டார். ரீப்ளே கீழே இருக்கிறது. நான் சொன்னது தவறு." மெசேஜை ஒரு வாரம் பின் செய்து வையுங்கள். வேறு கிளான்களுக்கும் பேச்சு போயிருந்தால் அவர்களின் தலைவர்களுக்கு அதே வாசகத்தை அனுப்புங்கள். அந்த வாரத்து ஸ்கிரிமில் (பயிற்சி ஆட்டம்) பழி சுமந்தவரை வழக்கமான அவர் இடத்திலேயே இறக்குங்கள், முடிந்தால் பழி சொன்னவரோடு ஒரே அணியில்.